இஞ்சிக்கன்னத்துக்கு ஒரு படகு

என் பிறப்புப் பத்திரத்தில் ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் ‘இஞ்ச் கென்னத் எஸ்டேட், காஜாங்’ என்று தட்டச்சு செய்திருக்கிறது. அறுபது வருடங்களுக்கு மேலாக அந்தப் பெயரை எத்தனையோ பாரங்களில் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் அப்பாயி வாயில் அது ‘இஞ்சிக்கன்னம்’. சின்ன வயதில் இஞ்சி போல வீங்கிய கன்னமுடைய ஒரு துரையைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அடிக்கோல் பிடித்து அளக்கக் கற்றபோது, அது அங்குலத்தைக் குறிக்கும் இஞ்ச்தான் என்று முடிவு கட்டினேன். பிறகு நில அளவை இலாகாவில் சேர்ந்து, முப்பத்து மூன்று வருடம் சங்கிலியும் கருவியும் தூக்கி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த ‘இஞ்ச்’ மட்டும் அப்படியே இருந்தது.

போன வருடம் மகள் கிளாஸ்கோவிலிருந்து போன் செய்தாள். மேற்படிப்புக்காக அங்கே போனவள். “அப்பா, உங்க எஸ்டேட் இங்க கடல்ல இருக்கு!” என்றாள்.

வரைபடத்தை அனுப்பினாள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம், மல் என்ற பெரிய தீவின் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. பக்கத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். இஞ்ச் கென்னத். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஜூன் மாதத்தில் அவளைப் பார்க்க நானும் மனைவியும் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. “எடின்பரோ கோட்டை, ஏரி எல்லாம் பார்க்கலாம்பா” என்று அவள் போட்டு வைத்திருந்த பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, வழிகாட்டியோடு போகும் ஒருநாள் சுற்றுலா ஒன்றில் மூன்று பேருக்கு இடம் பிடிக்கச் சொன்னேன். ‘எரிமலைக் கடற்கரையும் ஸ்டாஃபா தீவும்’ பார்க்கும் பயணம் அது. படகு போகும் வழியில் இஞ்ச் கென்னத் தென்படும். இறங்க முடியாது, அது தனியார் தீவு.

கிளம்பும் முன் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு 86 வயது. அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். இப்போது காஜாங்கில் எங்களோடு இருக்கிறார். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்கேயும் பால்மரம் நிக்குதா?” என்பதுதான்.

காஜாங்கில் பிறந்து வளர்ந்த இளையவர்களிடம் இன்று ஊரைப் பற்றிக் கேட்டால் சாத்தே என்பார்கள், நெரிசல் என்பார்கள். ஆனால் மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நடப்பட்ட முதல் தோட்டங்களில் ஒன்று இந்த ஊரில்தான் இருந்தது. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் 1890-களின் நடுவில் இஞ்ச் கென்னத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதுவரை இந்தப் பக்கமெல்லாம் காப்பித் தோட்டம். காப்பி விலை விழுந்தது, கித்தா எழுந்தது. ‘இஞ்ச் கென்னத் காஜாங் ரப்பர்’ என்ற நிறுவனம் ஸ்காட்லாந்தில் பதிவானது. என் தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணி ஒருவர் பின்னால் 1927-ல் கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அப்பாயி அதே லயத்தில் இருந்து அதே பெரட்டில் நின்று பிள்ளைகளை வளர்த்தார். மரத்துக்கு உளி பிடித்த கை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை. நான்தான் முதலில் பென்சில் பிடித்தவன்.

கிளாஸ்கோவிலிருந்து ஓபன் என்ற துறைமுக ஊருக்கு ரயிலில் மூன்று மணி நேரம். முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிட்டோம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. மனைவிக்கு அது பிடிபடவே இல்லை, “விளக்கு வைக்கிற நேரம் எப்பங்க?” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய ஃபெரியில் ஏறினோம். பினாங்கு ஃபெரியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இது சின்னக் கப்பலே. உள்ளே சாப்பாட்டுக்கடையும் சாய்வு நாற்காலிகளும் உண்டு. ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில் மல் தீவின் கிரேக்னூர் இறங்குதுறை. அங்கே ஒரு வேனும் வழிகாட்டியும் காத்திருந்தார்கள். வழிகாட்டிதான் ஓட்டுநரும். அறுபது வயதுக்கு மேலிருக்கும். சிவந்த முகம், கம்பளித் தொப்பி. எங்களோடு ஒரு ஜெர்மானியத் தம்பதி, அமெரிக்காவிலிருந்து வந்த நான்கு பெண்கள், தனியாக வந்த ஒரு ஜப்பானிய அம்மா.

வண்டி கிளம்பியதும் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டார். காஜாங் என்றேன். மலேசியா என்றேன். “சூடான ஊர்” என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. நேரம் வரட்டும் என்று இருந்தேன்.

ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய ரோடு. எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நின்று கையசைக்க வேண்டும். அந்தக் கையசைப்பு ஒரு கடமை போல. ஆடுகள் மட்டும் ஒதுங்கவில்லை. சாலன் என்ற ஊரைத் தாண்டித் தீவின் மேற்குப் பக்கம் வந்ததும், தரைக்குள் நீண்டு நுழைந்த ஒரு கடல் கண்ணில் பட்டது. லாக் நா கீல் என்று பெயர். அதன் அக்கரையில் முகில் மூடிய மலை. பென் மோர், 966 மீட்டர். வழிகாட்டி வேனை நிறுத்தினார்.

“அந்தச் சரிவுகளைப் பாருங்கள், என்ன தெரிகிறது?” என்றார்.

படிகள் தெரிந்தன. மலை முழுக்க, மேலிருந்து கடல்வரை, யாரோ செதுக்கி வைத்தாற்போல் படி படியாக. ஒவ்வொரு படியும் ஒரு முறை வழிந்த எரிமலைக் குழம்பு என்றார். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்று கிரீன்லாந்து இருக்கும் நிலமும் ஐரோப்பாவும் பிரியத் தொடங்கிய காலத்தில், பூமி இங்கே பிளந்து கக்கியது. ஒரு குழம்பு ஆறிக் கல்லாகும், அதன்மேல் மண் படியும், மரம்கூட முளைக்கும், மறுபடி குழம்பு வழியும். இப்படி அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட மலை, பிறகு மழையாலும் பனிக்கட்டி ஆறுகளாலும் அரிக்கப்பட்டபோது அடுக்குகளின் விளிம்புகள் படிகளாக நின்றுவிட்டன. இந்த மாதிரி நிலத்துக்கு ‘டிராப்’ என்று பெயராம். சுவீடிய மொழியில் படி என்று பொருள். அதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று விளங்கியது. மும்பையிலிருந்து புனே போகும் ரயிலில் பார்த்த மேற்குத் தொடர்ச்சி மலையும் இதே படிக்கட்டுதான். அதைத் தக்காணப் டிராப் என்கிறார்கள். அது இதைவிடக் கொஞ்சம் மூத்தது, சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டு.

வழியில் குரூலின் என்ற இடத்தில் ஒரு கல் கட்டடம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்த லாக்லன் மெக்குவாரியின் சமாதி அது. 1762-ல் பக்கத்துத் தீவான உல்வாவில் பிறந்தவர். இந்தியாவில் திப்பு சுல்தானுக்கு எதிரான போர்களிலும் இருந்தவர். இத்தனை சின்ன ஊரிலிருந்து போனவர்கள் எத்தனை ஊர்களை ஆண்டிருக்கிறார்கள் என்று மகள் முணுமுணுத்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உல்வா ஃபெரி என்பது ஊரல்ல. ஒரு சின்னத் துறை. அங்கே நாற்பது ஐம்பது பேர் உட்காரக்கூடிய படகு நின்றது. ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையில்லை. முகத்தில் ஊசி குத்துகிற சாரல். படகு தெற்கே திரும்பி வாய் அகன்ற கடலுக்குள் போனது. வழிகாட்டி ஒலிபெருக்கியில், “இடது பக்கம் இஞ்ச் கென்னத் தீவு. இப்போது பார்க்க முடியாது” என்று ஒரே வரியில் முடித்தார். இடது பக்கம் சாம்பல் நிறத் திரை. அதற்குப் பின்னால் கறுப்பாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் குறையாத தூரம் வந்தவனுக்கு ஒரு கிலோமீட்டர் மூடுபனி தடுத்துவிட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் குமட்டல் என்று நினைத்தேன். “திரும்பி வரும்போது தெரியுங்க” என்றாள்.

ஸ்டாஃபாவைப் பற்றி எழுதித் தீராது. தூரத்தில் பார்த்தால் தட்டையான ஒரு கறுப்புக் கேக்கின் மேல் பச்சை தடவியது போல இருக்கிறது. நெருங்க நெருங்க, அந்தக் கறுப்பு முழுவதும் தூண்கள் என்று தெரிகிறது. ஆயிரக்கணக்கில் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும் கல் தூண்கள். பெரும்பாலும் ஆறு பட்டை, சில ஐந்து, சில ஏழு. மேலே ஒழுங்கற்ற பாறைக் கூரை. மதுரையிலோ ராமேஸ்வரத்திலோ கோயில் பிராகாரத்தைக் கடலில் கொண்டுவந்து வைத்து, தூண்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மொத்தத் தீவே 33 ஹெக்டர்தான். நம் ஊர் கணக்கில் எண்பது ஏக்கர் சொச்சம். ஒரு தண்டலுக்குக் கீழே இருந்த மலைக்காட்டு அளவுகூட வராது.

இது எப்படி வந்தது என்பதற்கு வழிகாட்டி சொன்ன விளக்கத்தை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். காஜாங் பக்கம் ஈயக்குட்டைகள் இருந்த காலத்தில், வெயிலில் குட்டை வற்றினால் அடிச்சேறு பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகள் பெரும்பாலும் ஐந்தாறு பக்கமுள்ள கட்டங்களாக விழுவதை விளையாடப் போன எங்களில் பலரும் பார்த்திருப்போம். சேறு காயும்போது சுருங்குகிறது; எல்லாப் பக்கமும் சமமாக இழுபடுவதால் அப்படி வெடிக்கிறது. இங்கே சேற்றுக்குப் பதில் கொதிக்கும் பாறைக் குழம்பு. ஒரு பள்ளத்தில் ஆழமாகத் தேங்கி, மேலும் கீழும் இருந்து மெல்ல ஆறியது. ஆறும்போது சுருங்கி வெடித்தது. குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் அதே கட்டத்தில் நேராக இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் தூண்கள். அளவு நூல் பிடித்து யாரும் நடவில்லை. முப்பது வருடம் எல்லைக்கல் நட்ட எனக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இதே மாதிரித் தூண்களைப் பார்க்க ஸ்காட்லாந்து வரை போக வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் அப்படியே கர்நாடகத்தில் உடுப்பிக்குப் பக்கத்தில் உள்ள மால்பே போய்ப் படகேறினால் செயின்ட் மேரிஸ் தீவுகளில் பார்க்கலாம். அவை இன்னும் வயதானவை.

படகிலிருந்து இறங்கி, உடைந்த தூண்களின் தலைகளையே படிகளாக மிதித்துக்கொண்டு, பாறையில் அடித்த கம்பியைப் பிடித்தபடி ஃபிங்கல் குகைக்குப் போக வேண்டும். ஈரத்தில் வழுக்கும். மனைவி புடவைக்கு விடை கொடுத்து, மகளின் கால்சட்டையும் மழைச்சட்டையும் போட்டிருந்தாள். “யாரும் படம் எடுத்துக் காஜாங்குக்கு அனுப்பக் கூடாது” என்பது நிபந்தனை. அதனால்தான் இந்தக் கட்டுரையோடு அவள் படம் இல்லை.

குகை சுமார் எழுபது மீட்டர் உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் தூண்கள், மேலே வளைந்த கூரை, கீழே பச்சைக் கடல். அலை உள்ளே போய் அடிமுட்டி, சற்று நேரம் கழித்து ஒரு நீண்ட பெருமூச்சாகத் திரும்புகிறது. கேலிக் மொழியில் இதற்கு ‘இன்னிசைக் குகை’ என்று பெயர். 1829-ல் மெண்டல்சன் என்ற இருபது வயது ஜெர்மானிய இசைக்கலைஞர் இங்கே வந்து, படகில் வாந்தி எடுத்தபடியே பார்த்துவிட்டுப் போய், உலகப் புகழ்பெற்ற ஓர் இசைத் தொகுப்பை எழுதினார். எங்களோடு வந்த ஜெர்மானியர் அதைக் கைப்பேசியில் போட்டார். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பத்துமலைக் குகைக்குள் முதல் முறை ஏறி நின்றபோது கழுத்தை அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றேனே, அதே வயதுக்குத் திரும்பிப் போனேன். மனைவி மெல்லிய குரலில் ஒரு முருகன் பாட்டை முணுமுணுத்தாள். குகை அதைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்கப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் தீவை வெளியுலகத்துக்கு எழுதிச் சொன்னவர் ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவரவியலாளர். 1772-ல் ஐஸ்லாந்து போகும் வழியில் வந்தார். லண்டன் கியூ தோட்டத்தை உலகெங்குமிருந்து செடிகள் வந்து சேரும் இடமாக வளர்த்தவரும் அவர்தான். நூறு ஆண்டு கழித்து, பிரேசில் காட்டு ரப்பர் விதைகள் அந்தக் கியூ தோட்டத்தில்தான் முளைத்தன. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதற்குப் பிறகு நடந்தது நம் கதை.

தீவின் மேல்பரப்புக்கு ஏறினால் பஃபின் பறவைகள். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, ஆரஞ்சு மூக்கு. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட குள்ள மாமா மாதிரி. கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கின்றன. மனிதர் பக்கத்தில் இருந்தால், குஞ்சைத் தூக்கும் பெரிய கடற்காகங்கள் கிட்டே வராது என்று அவற்றுக்குத் தெரியுமாம். ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அவை கடலுக்குப் போய்விடும். பறவை பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூன், ஜூலைதான்.

ஒரு மணி நேரத்தில் படகு ஊதி அழைத்தது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. மேகம் கிழிந்து, கிழிசல் வழியாக வெயில் கடலில் திட்டுத் திட்டாக விழுந்தது. நான் படகின் முன்பக்கம் போய் நின்றுகொண்டேன். மல் தீவின் கிரிபன் பாறைச் சுவர் முதலில் தெரிந்தது. கன்னங்கரேல் என்று செங்குத்தாக எழும்பி நிற்கும் எரிமலைப் படிகள். அதன் காலடியில், அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாதது போல, தாழ்வாக, பசேலென்று ஒரு தீவு. ஒரு பெரிய வெள்ளை வீடு. கூரையில்லாத ஒரு சின்னக் கல் கோயில். மேயும் ஆடுகள்.

“இஞ்ச் கென்னத்” என்றார் வழிகாட்டி. பேச ஆரம்பித்தார். ‘இஞ்ச்’ என்றால் கேலிக் மொழியில் தீவு. கென்னத் ஒரு துறவி. அயோனா தீவில் மடம் கட்டிய கொலும்பாவின் தோழர். ஆக, கென்னத்தின் தீவு. கடல் கொந்தளித்து அயோனாவுக்குப் போக முடியாத நாட்களில் குலத்தலைவர்களை இங்கேயே புதைத்தார்கள் என்று சொல்வார்களாம். 1773-ல் அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனும் நண்பர் பாஸ்வெல்லும் வந்து தங்கினார்கள். பின்னால் மிட்ஃபோர்ட் என்ற பிரபுக் குடும்பம் வாங்கியது. அதில் ஒரு மகள் ஹிட்லரின் அபிமானி. கடைசிக் காலத்தை இங்கே கழித்தாள். இன்னொரு மகள் இடதுசாரி எழுத்தாளர். அவர்தான் பிறகு இதற்குச் சொந்தக்காரர்.

“இந்தத் தீவு மட்டும் ஏன் இவ்வளவு பச்சை?” என்று ஜப்பானிய அம்மா கேட்டார். அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. இஞ்ச் கென்னத் எரிமலைக் குழம்பால் ஆனதல்ல. சுற்றிலும் எரிமலைப் பாறை. இது மட்டும் அதைவிட மூத்த, 20 கோடி ஆண்டுக்கும் முந்தைய மணலும் கூழாங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய பாறை. அதனால் மண் வளம். ஒரு காலத்தில் அயோனா மடத்துக்குத் தானியம் விளைத்துக் கொடுத்த தீவு.

அப்போது சொன்னேன். “நான் இஞ்ச் கென்னத்தில் பிறந்தவன்.”

அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார். இந்த வெள்ளை வீட்டில் பிறந்த கறுத்த மனிதனை அவர் எங்கே கண்டார்? நான் கைப்பேசியில் வைத்திருந்த பிறப்புப் பத்திரப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் படகோட்டியிடம் போய் ஏதோ சொன்னார். படகின் வேகம் குறைந்தது. கரைக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போய், இன்ஜினை மெதுவாக்கி நின்றது.

ஐந்து நிமிடம் இருக்கும். பாசியின் வாடை வந்தது. ஓர் ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பாயியை நினைத்தேன். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய், மங்கு மங்காகப் பால் சேர்த்து, இரண்டு வாளியைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். அது ஒரு துறவியின் பெயர், அவர் புழங்கிய தீவின் பெயர் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை ஒரு சூடம் கொளுத்தியிருப்பார். எந்தச் சாமியையும் விட்டுவைக்காதவர். மகள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

துறைக்குத் திரும்பியதும் வேன் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. வழிகாட்டி தேநீர் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். எதிரே குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால் உல்வா தீவு. “அங்கே பாருங்கள், பச்சைக்குள் கல் சுவர்கள் தெரிகிறதா?” என்றார். தெரிந்தது. வரிசையாக, கூரையில்லாமல். 1837-ல் அந்தத் தீவில் 604 பேர் இருந்தார்கள். கடற்பாசியைச் சுட்டுச் சாம்பல் விற்று வாழ்ந்தவர்கள். அந்தச் சாம்பலுக்கு விலை போயிற்று. 1846-ல் உருளைக்கிழங்குப் பயிரும் அழுகியது. புதிதாகத் தீவை வாங்கியிருந்த முதலாளி ஆடு வளர்த்தால் லாபம் என்று கணக்குப் போட்டு, சில ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்களை வெளியேற்றினார். போக மறுத்தவர்களின் கூரைக்குத் தீ வைத்த கதைகளை இன்னும் சொல்கிறார்கள். போனவர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். வழிகாட்டியின் கொள்ளுப்பாட்டி அந்தச் சுவர்களில் ஒன்றுக்குள் பிறந்தவராம்.

“உங்கள் தோட்டம் இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

ஓர் அளவையாளனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. சிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்களைத் துண்டு போட்டு மனைக்கல் நட்ட குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். நாங்கள் கருவியை நிறுத்தும்போது லயத்து வாசலில் யாராவது ஒரு கிழவி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். “தம்பி, எங்க வீடு எந்தப் பக்கம் வருது?” என்று ஒருவர் கேட்டார். பிளானில் அந்த இடம் சாலை. நான் பதில் சொல்லாமல் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டேன். இது நடந்து முப்பது வருடம் ஆகிறது. காஜாங்கில் யாரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேக்கில் பாதியை உடைத்துக் கொடுத்தார்.

பிறகு உல்வாவைக் காட்டி, 2018-ல் மல் தீவு மக்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, அரசு நிதி உதவியோடு அந்தத் தீவை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார். அப்போது அதில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். இப்போது பாழடைந்த வீடுகளைச் சீராக்கிக் குடும்பங்களைக் குடியேற்றுகிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. படகுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். காற்று பலமாக இருந்தால் ஸ்டாஃபாவில் இறக்கமாட்டார்கள். ஆகவே ஓபனில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி திட்டமிடுங்கள். கோடைதானே என்று நம்பிவிடாமல் கம்பளிச் சட்டையும், அதற்கு மேல் மழைச்சட்டையும், வழுக்காத காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி வருகிறவர்கள் படகேறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும். சைவச் சாப்பாடு ஓபனில் கிடைக்கும். தீவில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நாங்கள் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போனோம். ஜெர்மானியர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரவு ஓபன் திரும்பியபோது காஜாங்கில் விடியற்காலை. மறுநாள் காலையில் அம்மாவுக்குக் காணொளி அழைப்பு போட்டேன். அங்கே மதியம் இரண்டு மணி. மகள் தன் கைப்பேசியிலிருந்து படத்தை ஓட்டிக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இதுதான்மா இஞ்சிக்கன்னம்” என்றேன்.

“மரமே இல்லையேடா.”

“ஆடுதான் மேயுது.”

“மண்ணு செவப்பா?”

“இல்லம்மா. பச்சையும் கறுப்புமா இருக்கு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. வெள்ளை வீட்டைப் பார்த்து, “அது துரை பங்களாவா?” என்றார். அப்படித்தான் என்றேன். “லயம் எங்க?” என்றார். லயம் இல்லை என்றேன். அப்போது படத்தில் காலைநேரப் பகுதி ஓடியது; சாரலும் மூடுபனியும்.

“மழையா அங்க?” என்று கேட்டார்.

“காலையில ஒரே மழைம்மா.”

“அப்ப மரம் நனைஞ்சிருக்கும்” என்றார் அம்மா. “பெரட்டுக்குப் போயிட்டு எல்லாரும் சும்மா திரும்பி வந்திருப்பாங்க.”